பெர்சியஸில் வீசும் காற்று: கொடைக்கானல் வழியும் ஊட்டி வழியும்

1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைத் தகட்டில் பதித்துப் பார்த்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், வாயுவிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடங்களில் கோடுகளைப் பதித்திருக்கும். நேராக இருக்க வேண்டிய அந்தக் கோடுகள் புள்ளி இருந்த இடத்தில் மட்டும் சாய்ந்திருந்தன. சூரியப் புள்ளியின் கரிய நடுப்பகுதியைச் சுற்றி மங்கலான ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில், சூரியனின் விளிம்பை ஒட்டிய பாதியில் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தன; சூரிய வட்டத்தின் நடுவைப் பார்த்த பாதியில் நீலத்தை நோக்கி நகர்ந்திருந்தன. விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும், நம்மை நோக்கி வருவதன் ஒளி நீலப் பக்கம் நகரும். டாப்ளர் விளைவு, பள்ளிப் பாடம்தான். புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சூரியனின் மேற்பரப்பை ஒட்டியபடி, வாயு நொடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று எவர்ஷெட் முடிவுக்கு வந்தார். எவர்ஷெட் விளைவு என்றே இன்றும் உலகம் முழுக்க அதைச் சொல்கிறார்கள்.

நான் எழுத வந்தது சூரியனைப் பற்றி இல்லை. சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில், பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருக்கும் வாயுவைப் பற்றி. மார்கழி இரவில் ஒன்பது, பத்து மணிக்குக் கொடைக்கானலில் பனி மூட்டம் இல்லாமல் இருந்தால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். அதற்கு வடக்கே, கொஞ்சம் மேற்கே தள்ளி, அல்கோல் என்ற நட்சத்திரம். அதை அடுத்து இரண்டு பாகை தூரத்தில்தான் அந்தக் கொத்து. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எக்ஸ்ரேயில் பார்த்தால் வானத்திலுள்ள கேலக்ஸிக் கொத்துகளிலேயே மிகப் பிரகாசமானது அதுதான்.

வானாய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பட்டிவீரன்பட்டிக் கல்லூரிப் பையன் ஒருவன், “அண்ணே, அங்கே காத்து அடிக்குதுன்னு இங்கே உட்கார்ந்துக்கிட்டு எப்படிச் சொல்றாங்க?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று எவர்ஷெட் செய்தது: கோடு எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு அகன்றது என்று பார்ப்பது. இன்னொன்று ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து விடாமல் வெளியே வீசும் மின்னேற்றத் துகள்களை, வைத்துச் செய்வது: வாயுவின் அடர்த்தி எந்த அளவுக்குத் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து அசைவைக் கணிப்பது. பெர்சியஸ் விஷயத்தில் இரண்டாவது வழி முதலில் வந்தது, முதல் வழி பின்னால் வந்து அதைச் சரிபார்த்தது. ஆனால் அந்த விடை, கொத்தின் மையத்து வாயு ஏன் ஆறிப்போகவில்லை என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த பெரிய கேள்வியைத் தீர்க்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கொத்து என்றால் என்ன என்பது. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பது கேலக்ஸிக் கொத்து. ஆனால் அதன் எடையில் நட்சத்திரங்களின் பங்கு சில சதவீதம்தான். எண்பது சதவீதத்துக்கு மேல் கரும்பொருள்; ஒளிவிடாது, ஈர்ப்பை வைத்துத்தான் அது இருப்பது தெரியும். மீதியில் பெரும்பகுதி கேலக்ஸிகளுக்கு இடையே பரவியிருக்கும் சூடான வாயு. பெர்சியஸின் மையப் பகுதியில் அதன் வெப்பம் சுமார் நாலரைக் கோடி டிகிரி. அந்தச் சூட்டில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மாவாகி, எக்ஸ்ரேயாக ஒளிவிடும். அடர்த்தியோ மிகக் குறைவு. நடுப்பகுதியில்கூட ஒரு லிட்டர் இடத்தில் சில பத்து எலக்ட்ரான்கள் இருந்தால் அதிகம். பரிசோதனைக் கூடத்தில் உண்டாக்கும் வெற்றிடம்கூட இதோடு ஒப்பிட்டால் நெரிசல்தான்.

ஒளிவிடுகிற எதுவும் ஆறியாக வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்த வாயு ஒளிவிடும் அளவு அடர்த்தியின் இருமடிப்படி கூடும். அடர்த்தி இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. அதனால் அடர்த்தி மிகுந்த மையம் வேகமாக ஆறும். ஆறினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மேலே இருக்கும் வாயு உள்ளே இறங்கும். இறங்கினால் அடர்த்தி கூடும், இன்னும் வேகமாக ஆறும். பல கொத்துகளின் மையத்தில் வாயு ஆற 100 கோடி ஆண்டுகூட ஆகாது. கொத்துகளின் வயதோ அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள வாயு மையத்தில் ஆறிக் கொட்ட வேண்டும், அதிலிருந்து புது நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்க வேண்டும். 1980களிலும் 90களிலும் பெரும்பாலோர் இதை நம்பினார்கள். கொட்டிய வாயு எங்கே போனது என்று கேட்டால்தான் பதில் இழுத்தது.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோள் அந்த நம்பிக்கையை உடைத்தது. ஆறிக்கொண்டிருக்கும் வாயு ஒவ்வொரு வெப்பநிலையையும் கடந்து இறங்கும்போது அந்தந்த வெப்பத்துக்குரிய கோடுகளை வெளியிட்டாக வேண்டும். 2001இல் வெளியான நிறமாலைகளில், வெளியிலுள்ள வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஆறிய வாயு இருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கோடுகள் மிக மங்கலாக இருந்தன, அல்லது இல்லவே இல்லை. ஆக, ஏதோ ஒன்று மையத்தை விடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. கொதித்துச் சிதறும் அளவுக்கு மிஞ்சாமலும், ஆறிப்போகும் அளவுக்குக் குறையாமலும்.

சூடாக்குவது யார் என்பதில் பெரிய சண்டை இல்லை. பெர்சியஸின் மையத்தில் என்ஜிசி 1275 என்ற பெரிய கேலக்ஸி இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் கருந்துளை, தனக்குள் விழும் பொருளின் ஆற்றலில் ஒரு பகுதியை இரண்டு எதிர்த் திசைகளில் பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் தாரைகள் சூடான வாயுவைத் தள்ளிக் குமிழிகளை ஊதுகின்றன. 1993இல் ரோசாட் செயற்கைக்கோள் எடுத்த படத்திலேயே இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. பிறகு நாசாவின் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி அவற்றைத் துல்லியமாகக் காட்டியது. கூடவே வெளியே இன்னும் பழைய குமிழிகள் மேலே மிதந்து போவதையும், குமிழிகளைச் சுற்றி வளையம் வளையமாக அலைகள் விரிவதையும் காட்டியது. 2003இல் செய்தித்தாள்களில் வந்த ‘கருந்துளையின் சுருதி’ இந்த அலைகள்தான். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் ஒரு கோடி ஆண்டு. பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே. காது கேட்பதற்காக ஏற்றிய ஒலி பிற்பாடு இணையத்தில் சுற்றியது. கேட்டவர்கள் பயந்தார்கள், ஆனால் அதில் ஆராய்ச்சிக்கு உதவுவது சுருதி இல்லை, அலைக்குள் இருக்கும் ஆற்றல்.

சந்திரா என்ற பெயர் சுப்ரமணியன் சந்திரசேகரிடமிருந்து வந்தது என்பது தெரிந்ததே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் எடை வரம்புக்காகத்தான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். 1940களின் கடைசியில் அவர் சில வருடங்கள் முழு மூச்சாகக் கொந்தளிப்பைப் பற்றி, அதாவது வாயுவோ நீரோ சுழல் சுழலாகத் தாறுமாறாகக் கலங்கி ஓடுவதைப் பற்றி, ஆராய்ந்தார், விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவைப் புரிந்துகொள்ள அது வேண்டும் என்று வாதிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்தே கொத்துகளின் கொந்தளிப்பு முதன்முதலில் கணிக்கப்பட்டது என்பதால் சொன்னேன்.

கருந்துளை குமிழி ஊதுகிறது, சரி. அந்த ஆற்றல் சுற்றியிருக்கும் வாயுவில் எப்படி வெப்பமாகச் சேர்கிறது? கொந்தளிப்பு என்பது மிக இயல்பான பதிலாகத் தோன்றியது. குமிழி மேலே ஏறும்போது பின்னால் சுழல்கள் உண்டாகும். பெரிய சுழல் உடைந்து சிறிய சுழல்களாகும், அவை இன்னும் சிறியவையாகும். கடைசியில் மிகச் சிறிய அளவில் பாகுத்தன்மை அந்த அசைவைத் தின்று வெப்பமாக்கிவிடும். பெரிய அளவில் உள்ளே போகும் ஆற்றல் அதே வீதத்தில் படிப்படியாகக் கீழே இறங்குகிறது என்று 1941இல் ரஷ்யக் கணித அறிஞர் கொல்மகரோவ் காட்டினார். இதில் ஒரு வசதி இருக்கிறது. கடைசிப் படியில் பாகுத்தன்மை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்பதைப் பெரிய சுழலின் வேகத்தையும் அளவையும் வைத்தே சொல்லிவிடலாம். வேகத்தின் மும்மடியை அளவால் வகுத்தால் போதும். மும்மடி என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் எட்டு மடங்கு. வேகத்தைத் தப்பாக அளந்தால் கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும்.

வேகத்தை எப்படி அளப்பது? ஊட்டிக்கு வருவோம். முத்தோரையில், காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே ஒரு சரிவில், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் அந்த ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. இருபத்துநான்கு பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அந்த மலையைத் தேர்ந்தெடுத்த காரணம் அழகானது. அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் சரிவின்மேல் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம்.

அந்தத் தொலைநோக்கி பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலைகளில் ஒன்று சூரியக் காற்றை அளப்பது. தொலைதூரத்து ரேடியோ மூலம் ஒன்றின் அலைகள் சூரியக் காற்றைக் கடந்து வரும்போது மினுங்கும். காற்றின் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத் திட்டாக இருப்பதே காரணம். எவ்வளவு பலமாக மினுங்குகிறது என்பது திட்டுகளின் வலுவைச் சொல்லும். எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்பது காற்றின் வேகத்தைச் சொல்லும். வாயுவைத் தொடாமல், அதன் நிறமாலைக் கோடு எதையும் பார்க்காமல், அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து அசைவைப் பிடிக்கும் வித்தை இது.

2014இல் வானியற்பியலாளர் இரினா ஜுராவ்லேவாவும் அவருடைய குழுவும் பெர்சியஸிலும் கன்னி ராசிக் கொத்திலும் செய்தது இந்த வகையைச் சேர்ந்தது. சந்திரா எடுத்த எக்ஸ்ரே படத்திலிருந்து கொத்தின் பொதுவான வடிவத்தைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் மெல்லிய திட்டுகளை அளவு வாரியாகப் பிரித்தார்கள். ஒளி அடர்த்தியின் இருமடிப்படி போவதால், ஒளியில் தெரியும் சின்ன வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி அடர்த்தியின் வேறுபாடு. ஈர்ப்பால் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் வாயுவில், அடர்த்தி எத்தனை சதவீதம் ஏறி இறங்குகிறதோ, வேகமும் ஒலியின் வேகத்தில் கிட்டத்தட்ட அத்தனை சதவீதம் என்பது கோட்பாடும் கணினிப் பாவனைகளும் சொல்வது. பெர்சியஸின் மையத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. அடர்த்தி பத்து சதவீதம் அசைந்தால் வாயு நொடிக்கு 100 கி.மீ. அசைகிறது என்று அர்த்தம். கிடைத்த வேகத்தை அந்த மும்மடிக் கணக்கில் போட்டால், இரண்டு கொத்துகளிலும், மையத்திலிருந்து ஒவ்வொரு தொலைவிலும், கொந்தளிப்பு தரும் வெப்பம் எக்ஸ்ரேயாக இழக்கும் வெப்பத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனது.

பலரும் பிரச்சினை தீர்ந்தது என்றே பேசினார்கள். எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. ஊட்டிக்குக் கிடைக்கும் ஒரு பாதி பெர்சியஸில் கிடைக்காது. சூரியக் காற்றின் திட்டுகள் நம் கண் முன்னால் நகர்கின்றன. மினுங்கும் வேகத்தைப் பார்க்கலாம். பெர்சியஸில் 30,000 ஒளியாண்டு அகலமுள்ள சுழல் ஒன்று தன் அகலத்தைக் கடக்க ஐந்து கோடி ஆண்டு ஆகும். நமக்குக் கிடைப்பது அசையாத ஒரு படம். திட்டு என்பதெல்லாம் சுழல்தானா, ஒலி அலையா, பழைய குமிழியின் மிச்சமா, வேறெங்கோ இருந்து இழுத்துவரப்பட்ட ஆறிய வாயுவா என்று அந்தப் படம் மட்டும் சொல்லிவிடாது. கோட்டைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

எவர்ஷெட் 1909இல் பிடித்த நகர்வு, அலைநீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெர்சியஸில் எதிர்பார்க்கப்பட்டதோ ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. பல மடங்கு பெரிது. அப்படியிருக்க இதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டி வந்தது ஏன்? சூரியனிடமிருந்து ஒளி கொட்டுகிறது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துப் பிரிக்கலாம். கொத்திலிருந்து வரும் எக்ஸ்ரேயை ஃபோட்டான் ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகள் ஒவ்வொன்றாக, எண்ண வேண்டும். வழக்கமான எக்ஸ்ரே கேமராச் சில்லுகள் ஒரு ஃபோட்டானின் ஆற்றலை இரண்டு சதவீதப் பிழையோடுதான் சொல்லும். நமக்கு வேண்டியது நூறில் அல்ல, ஆயிரத்தில். விரித்துப் பிரிக்கும் கருவிகள் இருந்தன, ஆனால் அவை புள்ளியாகத் தெரியும் மூலங்களுக்குத்தான் சரிப்படும். கொத்து போலப் பரந்த ஒன்றைப் பார்த்தால் பொருளின் அகலமும் கோட்டின் அகலமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தீர்வு, ஒவ்வொரு ஃபோட்டானும் விழும்போது உண்டாகும் வெப்பத்தை அளப்பது. மிகச் சிறிய ஒரு துண்டை, அதற்குக் கீழே குளிரே இல்லை என்னும் தனிச் சுழியத்துக்கு மேலே 0.05 கெல்வின் வரை குளிரவைத்து, ஒரு எக்ஸ்ரே ஃபோட்டான் அதில் மோதியதும் எவ்வளவு சூடேறியது என்று பார்ப்பது. இந்தக் கருவியின் கதையைக் கேட்டால் பாவமாக இருக்கும். 2000இல் அதைச் சுமந்துபோன ஜப்பானிய ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2005இல் சுசாகு செயற்கைக்கோளில் ஏற்றினார்கள். சில வாரங்களுக்குள் குளிர்விக்கும் ஹீலியம் முழுக்கப் போய்விட்டது, கருவி உறங்கிப்போனது. 2016 பிப்ரவரி 17இல் அதே கருவியோடு ஜப்பானின் ஹிடோமி செயற்கைக்கோள் ஏறியது. இந்த முறை கருவி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பெர்சியஸை மொத்தம் சுமார் 2.3 லட்சம் நொடி பார்த்தது. மார்ச் 26இல், செயற்கைக்கோள் சுழலாமல் இருக்கும்போதே சுழல்வதாக அதன் கட்டுப்பாட்டு அமைப்பு நம்பி, அதை நிறுத்த எதிர்த்திசையில் சுழற்றியது. பிறகு காப்பாற்ற வேண்டிய சிறு உந்திகள் தவறான எண்களோடு இயங்கிச் சுழற்சியைக் கூட்டின. சூரியத் தகடுகள் பிய்த்துக்கொண்டு போயின. மிச்சம் கிடைத்தது அந்தச் சில நாள் தரவு.

அந்தத் தரவில் பார்த்தது இரும்பின் கோடு. எவர்ஷெட் பார்த்த கோடுகளிலும் இரும்பு உண்டு என்றாலும், இங்கே இருப்பது 26 எலக்ட்ரான்களில் 24ஐ இழந்த இரும்பு. கோடு 6,700 எலக்ட்ரான் வோல்ட் அருகே (ஒரு ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு அது). ஏன் இரும்பு? வெப்பத்தால் அணுக்கள் தாமாகவே தாறுமாறாக ஓடும், அதுவும் கோட்டை அகலமாக்கும். நாலரைக் கோடி டிகிரியில் ஹைட்ரஜன் அணுக்கரு பார்வைக் கோட்டில் நொடிக்குச் சுமார் 600 கி.மீ. வேகத்தில் அலையும். அந்த இரைச்சலில் 100, 200 கி.மீ. காற்று தெரியாமலே போய்விடும். இரும்பு 56 மடங்கு கனமானது. அதே சூட்டில் அதன் ஓட்டம் 80 கி.மீ.தான். அதனால் வாயு மொத்தமாக அசைவது இரும்பின் கோட்டில் தனியாகத் தெரியும். ஹிடோமியின் கருவி 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துப் பார்த்தது. அதற்கு முந்தைய சில்லுகளோ 130 வரைதான் தாக்குப்பிடித்தன.

கிடைத்த விடை: நொடிக்கு 164 கி.மீ., பிழை இரு பக்கமும் 10. மையத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ஒளியாண்டு வரையுள்ள பகுதிக்கு உரியது அது. மணிக் கணக்கில் ஏறக்குறைய ஆறு லட்சம் கி.மீ.; பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான். அசைவினால் வரும் அழுத்தம், வெப்பத்தால் வரும் அழுத்தத்தில் வெறும் 4 சதவீதம். நடுவில் கருந்துளை குமிழி குமிழியாக ஊதிக்கொண்டிருக்கும் இடம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கவில்லை. 2014இல் திட்டுகளை வைத்துச் சொன்ன வேகமும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. ஊட்டி வழியும் கொடைக்கானல் வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

இன்னொரு சாட்சியும் இருந்தது. இரும்பின் மிக வலுவான கோட்டைச் சேர்ந்த ஃபோட்டான்கள் கொத்தை விட்டு வெளியேறும் வழியில் மற்ற இரும்பு அணுக்களிடம் மாட்டித் திசை மாறும். வாயு நன்றாகக் கலங்கிக்கொண்டிருந்தால் அணுக்களின் வேகங்கள் பரவிக் கிடக்கும், ஃபோட்டான் ஒத்துப்போகும் அணுவைச் சந்திக்காமல் தப்பிவிடும். அமைதியாக இருந்தால் மாட்டிக்கொள்ளும், மையத்தில் அந்தக் கோடு மங்கும். ஹிடோமி தரவில் அது மங்கித்தான் இருந்தது. கோட்டின் அகலத்தைத் துளியும் பயன்படுத்தாமல் கிடைத்த இந்த விடையும் அமைதியைத்தான் சொன்னது.

இப்போது, வேகம் தெரிந்துவிட்டது. வெப்பக் கணக்கும் பொருந்துகிறது. பிறகு என்ன பிரச்சினை? கணக்கை வேறு பக்கமிருந்து போட்டுப் பார்க்கலாம். கொந்தளிப்பில் இருக்கும் ஆற்றல், வாயுவின் வெப்ப ஆற்றலில் 4 சதவீதம் என்று வைப்போம். வாயு ஆற 100 கோடி ஆண்டு ஆகும் என்றால், அந்த 4 சதவீதம் 4 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு 4 கோடி ஆண்டுக்கும் புதிதாக நிரப்பியாக வேண்டும். நிரப்பும் கருந்துளை இருப்பது நடுவில். நொடிக்கு 164 கி.மீ. வேகத்தில் 4 கோடி ஆண்டில் எவ்வளவு தூரம் போக முடியும்? சுமார் 22,000 ஒளியாண்டு. சூடாக்க வேண்டிய பகுதியோ இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நடுவில் கலக்கிய கலக்கம் ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே பத்து முறை செத்துப் பிழைக்க வேண்டும். ஆண்ட்ரூ ஃபேபியனும் சகாக்களும் இந்த வாதத்தை முன்வைத்து, ஆற்றலைச் சுமந்துபோவது ஒலி அலைகளாக இருக்கலாம் என்றார்கள். ஒலிக்கு நொடிக்கு 1,000 கி.மீ. வேகம் உண்டு, கோட்டை அதிகம் அகலமாக்காமலே ஆற்றலைக் கொண்டுபோகும். குமிழிகள் மேலே ஏறும்போது வழி நெடுகக் கலக்கிக்கொண்டே போகின்றன, அதனால் கொந்தளிப்பு அங்கங்கேயே பிறக்கிறது என்பது மறுதரப்பு. குமிழிக்குள் இருக்கும் அதிவேகத் துகள்கள் கசிந்து வாயுவைச் சூடாக்குகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஒற்றை ஆளை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும் கட்டம் போய்விட்டது. கொந்தளிப்புக்குப் பங்கு உண்டு, ஆனால் பட்டுவாடா செய்யும் வேலையை அதன் தலையில் மட்டும் கட்ட முடியாது.

குமிழிகளை மட்டுமே பேசுவதும் தவறு. கொத்துகள் ஒன்றோடொன்று உரசிப் போகும் வழக்கமுடையவை. பெர்சியஸை ஒரு சிறிய கொத்து பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டிக் கடந்துபோயிருக்கிறது. அதன் ஈர்ப்பு இழுத்ததில், குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது தண்ணீர் தளும்புவதுபோல மையத்து வாயு கரும்பொருள் பள்ளத்துக்குள் இன்னும் தளும்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் தளும்பல் ஆறிய வாயுவைச் சுருள் சுருளாக வெளியே இழுத்திருக்கிறது. 2017இல் ஸ்டீபன் வாக்கரும் குழுவும் அந்தச் சுருளின் ஓரத்தில் இரண்டு லட்சம் ஒளியாண்டு அகலத்தில் ஓர் அலையைக் கண்டார்கள். நம் பால்வீதியைப் போல இரண்டு மடங்கு. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு அடுக்குகள் உரசும் இடத்தில் எழும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலை அது. எனக்குப் பிடித்தது அதன் அளவு இல்லை, அதிலிருந்து அவர்கள் எடுத்த செய்தி. வாயுவுக்குள் இருக்கும் காந்தப்புலம் வலுவாக இருந்தால் அடுக்கை இறுக்கிப் பிடித்து அலை எழவிடாது. மிகப் பலவீனமாக இருந்தாலும் பாவனையில் வரும் வடிவம் படத்தோடு பொருந்தவில்லை. ஆக, அலையின் வடிவமே காந்தப்புலத்துக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது.

ஹிடோமியின் இடத்தை நிரப்ப ஜப்பான் எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளை 2023 செப்டம்பர் 7இல் ஏவியது. அதற்கும் ஒரு கண்டம். கருவியின் வாசலை மூடிய பெரிலியம் ஜன்னல் கொண்ட கதவு திறக்கவில்லை. ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே உள்ளே வருவதில்லை, ஆனால் இரும்பின் கோடு தாராளமாக வருகிறது. நம் காரியத்துக்கு அது போதும். சென்டாரஸ் கொத்தின் மையத்தில் வாயு நொடிக்கு 130 முதல் 310 கி.மீ. வேகத்தில் மொத்தமாக ஒரு பக்கம் ஓடுவதை எக்ஸ்ரிசம் கண்டது, தளும்பலுக்கு நேரடிச் சாட்சி. அதற்குள் தாறுமாறான அசைவோ 120 கி.மீ.க்கு மேல் இல்லை. ஏபெல் 2029 என்ற கொத்தில் சுமார் 170 கி.மீ., அழுத்தத்தில் 2.6 சதவீதம். கோமா கொத்து அண்மையில் மோதலைச் சந்தித்தது, நிம்மதியில்லாதது என்று பெயர் வாங்கியது. அங்கேகூட 200 கி.மீ.யை ஒட்டித்தான். கணினிப் பாவனைகள் பலவும் கோமாவில் இதைவிட அதிகம் எதிர்பார்த்திருந்தன. வெவ்வேறு வரலாறு கொண்ட கொத்துகள் ஏறத்தாழ ஒரே அளவில் அசைவது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எவர்ஷெட்டுக்கு ஒரு வசதி இருந்தது. சூரியன் சுழல்வதால் ஒரே புள்ளியை வட்டத்தின் நடுவிலும் பார்க்கலாம், ஓரத்திலும் பார்க்கலாம். நடுவுக்கு வந்தபோது நகர்வு மறைந்தது, ஓரத்தில் கூடியது. வாயு மேலும் கீழும் போகவில்லை, படுக்கை வாட்டில் ஓடுகிறது என்று அதை வைத்துத்தான் அவரால் சொல்ல முடிந்தது. பெர்சியஸ் நமக்காகத் திரும்பாது. ஒரே பக்கத்திலிருந்து, பார்வைக் கோட்டில் வரும் வேகத்தை மட்டும் அளந்து, மற்ற இரண்டு திசைகளிலும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் 4 சதவீதம் போன்ற எண்களைச் சொல்கிறார்கள். தளும்பல் நம் பார்வைக்குக் குறுக்காக நடந்தால் கோட்டில் தெரியாது. போதாக்குறைக்கு, இந்தக் கருவிகளின் பார்வை மங்கல். ஹிடோமி பெர்சியஸில் சுமார் 80,000 ஒளியாண்டுக்குக் குறைவான எதையும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு திட்டுக்குள் எத்தனை சுழல்கள் எதிரும் புதிருமாகச் சுழல்கின்றன என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரே அகலமாக வருகிறது.

இந்த அசைவுக் கணக்கு மையத்துச் சூட்டோடு முடிவதில்லை. கொத்துகளின் எடையை, வாயுவின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது வழக்கம். அசைவும் கொஞ்சம் தாங்குகிறது என்றால் எடையைக் குறைத்து மதிப்பிடுகிறோம். 2013இல் பிளாங்க் செயற்கைக்கோள் எண்ணிய கொத்துகள், பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் கிளம்பிய பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. அதைச் சரிக்கட்ட எடைகளைச் சுமார் 40 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருக்க வேண்டும். மையத்தில் இதுவரை கண்ட அசைவு 2, 3, 4 சதவீதம். இந்த அசைவு அந்தப் பள்ளத்தை நிரப்பாது. புதிதாக வந்து விழும் பொருள் மோதும் வெளி ஓரங்களில் அசைவு அதிகம் என்று பாவனைகள் சொல்கின்றன. ஆனால் அங்கே அடர்த்தி குறைவு, ஒளியோ அதன் இருமடிப்படி குறையும். மையத்தில் சில நாளில் சேரும் ஃபோட்டான்களை அங்கே சேர்க்க மாதக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்ரிசத்தின் பார்வைப் புலம் முழு நிலவின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. அதனால் இப்போதைக்கு அளவீடுகள் மையத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே நகர்கின்றன.